டாக்கை மாற்றியும் தீராத கோளாறு

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நாற்பது இருக்கைகள் கொண்ட அலுவலகம். யாருக்கும் நிலையான இடம் கிடையாது. காலியான மேஜையில் லேப்டாப்பை வைத்து டைப்-சி கேபிளைச் சொருகினால் இரண்டு மானிட்டர், விசைப்பலகை, மவுஸ், லேன், சார்ஜ் எல்லாம் ஒன்றாக வந்துவிட வேண்டும். ஆனால் ஆறு மாதமாக, நாளுக்கு ஐந்தாறு பேருக்குத் திடீரென்று எல்லாம் போய் சில நொடிகளில் திரும்புகிறது. சிலருக்குத் திரும்புவதே இல்லை. மூன்று டாக்கிங் ஸ்டேஷன்களை (இவை எல்லாவற்றையும் ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி, சுருக்கமாக டாக்) மாற்றியும் பார்த்தாயிற்று. டாக் விற்றவர் லேப்டாப்பைக் கை காட்டுகிறார், லேப்டாப் நிறுவனம் டாக்கைக் கை காட்டுகிறது. அடுத்து என்ன செய்வது?

முதலில், நான்காவது டாக்கை வாங்காதீர்கள். சென்னையில் பதினான்கு ஆண்டுகளாக அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பழுது என்று என் மேஜைக்கு வந்து சேர்ந்த டாக்குகளில் பெரும்பாலானவை என் மேஜையில் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடின. நோய் வேறெங்கோ இருக்க, டாக்கைக் கழற்றி மாட்டும்போது கேபிளும் பிளக்கும் அசைந்து தற்காலிகமாகச் சரியாகிவிடுகின்றன. புது டாக்கால் சரியானது என்று நினைத்துக்கொள்கிறோம். பத்து நாளில் பழைய கதைதான்.

உங்கள் கேள்வியில் ஒரு தகவல் இல்லை: கோளாறு எதைத் தொடர்ந்து போகிறது? குறிப்பிட்ட மேஜையையா, குறிப்பிட்ட லேப்டாப்பையா, குறிப்பிட்ட நேரத்தையா? இது தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டாம்போக்கு. ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், மேஜை எண், யாருடைய லேப்டாப், அந்த நொடியில் எது எது போனது. ஐந்தே நெடுவரிசைகள் போதும். "டாக் வேலை செய்யவில்லை" என்று எழுத யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்த வரியை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நோட்டின் கடைசி நெடுவரிசைதான், எது எது போனது என்பதுதான் முக்கியம். எல்லாம் ஒரே நொடியில் போய், சார்ஜ் விளக்கும் அணைந்திருந்தால், லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவிலுள்ள கேபிள் அல்லது டாக்குக்கு வரும் மின்சாரம். சார்ஜ் நிற்காமல் மற்றவை மட்டும் போனால் அந்தக் கேபிளின் தகவல் கம்பிகள், டிரைவர் (கருவியை இயக்க லேப்டாப்பில் இருக்கும் மென்பொருள்) அல்லது ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்). ஒரு திரை மட்டும் கறுத்து மவுஸ் நகர்ந்துகொண்டிருந்தால் மானிட்டர் பக்கத்து வயரைப் பாருங்கள். நெட் மட்டும் போனால் டாக்கை விட்டுவிட்டு நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள். இந்த நான்கையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கேபிளில் இருந்து தொடங்குகிறேன். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் டைப்-சி கேபிள்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. போன் சார்ஜருடன் வரும் பல கேபிள்களில் பழைய யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும்தான் உண்டு. அதை டாக்கில் மாட்டினால் சார்ஜ் ஏறும், மவுஸ்கூட நகரும், திரை மட்டும் வராது. யாரோ ஒருவர் டாக்கின் கேபிளை மீட்டிங் அறைக்கு எடுத்துப் போய், திரும்பி வரும்போது தன் போன் கேபிளை மாட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார். நாற்பது பேர் இருக்கும் இடத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொரு வகை இதைவிடக் குழப்பும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டுமானால் கேபிளின் தலைக்குள் தன் தகுதியைச் சொல்லும் ஒரு சிறிய சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளில், 90 வாட் தரக்கூடிய டாக்கும் 60 வாட்டோடு நின்றுவிடும். லேப்டாப் "மெதுவான சார்ஜர்" என்று ஒரு அறிவிப்பைக் காட்டும், அதை எல்லோரும் மூடிவிடுவார்கள். காலை முழுவதும் பேட்டரி சொட்டுச் சொட்டாக இறங்கி, மதியம் வீடியோ அழைப்பின்போது லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். உடனே "டாக் போட்டால் லேப்டாப் திணறுகிறது" என்று புகார் வரும்.

நீளமும் கணக்கில் உண்டு. தண்டர்போல்ட் டாக் (அதே டைப்-சி முனையில் வரும் அதிவேக வகை) என்றால் 40 ஜிகாபிட் வேகத்தைச் சாதாரணக் கேபிள் சுமார் 0.8 மீட்டர் வரைதான் தாங்கும். இரண்டு மீட்டர் வேண்டுமானால் உள்ளே மின்னணுப் பாகம் உள்ள விலை உயர்ந்த கேபிள் வேண்டும். மேஜை அகலமாக இருக்கிறது என்று எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டிருந்தால் அதை இன்றே கழற்றுங்கள். டைப்-சிக்கு அப்படி ஒரு நீட்டிப்புக் கேபிளை அந்தத் தரவிதி அனுமதிப்பதே இல்லை, கடைகளில் தாராளமாக விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கேபிள் நல்லதுதான் என்று உறுதியானால் லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால் பல லேப்டாப்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி அடைந்திருக்கும், பைக்குள்ளிருந்து வந்த தூசு. பிளக் முழுதாக உள்ளே போகாது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு: சொருகிய பிறகு பிளக்குக்கும் லேப்டாப் உடம்புக்கும் நடுவே விரல் நகத்தை விட்டுப் பார்ப்பேன். நகம் நுழைந்தால் சந்தேகம். நல்ல லேப்டாப் ஒன்றில் அதே கேபிளைச் சொருகி, இடைவெளி ஒத்துப் போகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். லேப்டாப்பை முழுவதும் அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகத் தூசை எடுக்கலாம். குண்டூசி மட்டும் வேண்டாம்.

டைப்-சி போர்ட் 10,000 முறை சொருகி எடுப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டது. நாளுக்கு நான்கு முறை என்றாலும் பல ஆண்டு வரும். அதனால் தேய்மானத்தால் கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை; பக்கவாட்டு இழுப்பால் கெட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். சிறிய டாக் மேஜை விளிம்பிலிருந்து கேபிளிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அல்லது சொருகிய கேபிளோடு லேப்டாப்பைத் திருப்பிப் பக்கத்து நபருக்குக் காட்டுவார்கள். டாக்கை மேஜைக்கு அடியில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, கேபிளுக்குச் சற்றுத் தளர்வு கொடுத்து விட்டாலே எத்தனையோ புகார்கள் நின்றுவிடும்.

அடுத்தது மின்சாரம். நம் ஊர் அலுவலகங்களில் இதை யாரும் சந்தேகிப்பதில்லை, நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. மானிட்டரிலும் டாக்கிலும் கிடையாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் யுபிஎஸ் இணைப்பில்லாத டாக் அணைந்து மறுபடி எழும். லேப்டாப்போ ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். ஏசி நிற்காமல், விளக்கும் யுபிஎஸ்ஸில் இருந்தால், பயனருக்குக் கரண்ட் போனதே தெரியாது. "டாக் ரீசெட் ஆகிறது" என்றுதான் சொல்வார். ஓர் அலுவலகத்தில் மேஜைக்கு அடியில் இரண்டு வரிசை சாக்கெட் இருந்தது. சிவப்பு யுபிஎஸ், வெள்ளை நேரடி மின்சாரம். வயரிங் செய்தவர் சொன்னது அப்படி. மேஜைகளை இடம் மாற்றியபோது எது கைக்கு எட்டியதோ அதில் சொருகிவிட்டார்கள். ஒரு முழு வரிசையும் ஒரே நொடியில் அணைந்து எழும் என்பதை நோட்டைப் பார்த்த பிறகுதான் நாங்கள் கவனித்தோம். அதுவரை ஒவ்வொருவரும் தன் டாக் மட்டும் மோசம் என்று நினைத்திருந்தார்கள்.

லேசர் பிரிண்டரும் இதே பிரச்சினையைக் கொடுக்கும். உருளையைச் சூடாக்கும்போது அது சட்டென்று அதிக மின்சாரம் இழுக்கும், அதே வயரில் உள்ளவற்றுக்கு அந்தக் கணத்தில் மின்னழுத்தம் இறங்கும். உங்கள் நோட்டில் கோளாறு நடந்த நேரத்தையும் பிரிண்ட் எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் "யுனிவர்சல்" சாக்கெட் உங்களிடம் இருந்தால், டாக் அடாப்டரின் பிளக்கைத் தொட்டு லேசாக ஆட்டுங்கள். ஆடும். எல்லோருக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் பொருந்தாது என்பது போல அது எந்தப் பிளக்கையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. கால் பட்டால், துடைப்பம் பட்டால், ஒரு கணம் தொடர்பு விடும். மூன்று உருண்டை முனைப் பிளக்கும் அதற்கென்றே செய்த சாக்கெட்டும் போட்டுவிடுங்கள். ஒரு புது டாக்கின் விலையில் பல மேஜைகளுக்கு அதைச் செய்துவிடலாம்.

அடாப்டர்கள் மேஜை மாறியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். முனை ஒன்றாக இருப்பதால் 90 வாட் அடாப்டர் 130 வாட் கேட்கும் டாக்கில் நுழைந்துவிடும். ஓடவும் ஓடும். இரண்டு மானிட்டர், வெளி ஹார்ட் டிஸ்க், சார்ஜ் குறைந்த லேப்டாப் எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் விழும்.

இனி நாற்காலிக் கதை. சிரிக்கக் கூடாது.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஓர் அம்மா. இரண்டு முறை டாக் மாற்றி, ஒரு முறை லேப்டாப்பே மாற்றிக் கொடுத்தும் அவர் புகார் நிற்கவில்லை. "தம்பி, நான் எழுந்தால் இது கண்ணை மூடிக்கொள்கிறது" என்றார். என்னோடு வந்த இளைஞன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். நான் அவருக்குப் பின்னால் நின்று, "எழுந்திருங்கள் மேடம், உட்காருங்கள்" என்று பத்து முறை சொன்னேன். ஏழு முறை வலப்பக்கத் திரை இரண்டு நொடி கறுத்துத் திரும்பியது. பக்கத்து மேஜை நாற்காலியை அவருக்குக் கொடுத்தோம், நின்றுவிட்டது. அவர் நாற்காலியைப் பக்கத்து மேஜைக்குக் கொண்டு போனோம்; அந்தத் திரை கறுத்தது.

காரணம் நிலைமின்சாரம். நாள் முழுதும் ஏசி ஓடிக் காய்ந்த அறை, தரையில் கார்பெட், துணி உறை போட்ட இருக்கை. எழும்போது உடலுக்கும் இருக்கைக்கும் நடுவே மின்னேற்றம் பிரிகிறது. கேஸ் லிஃப்ட் (உயரத்தை ஏற்றி இறக்கும் வாயு உருளை) கொண்ட நாற்காலியின் உலோகத் தண்டுக்குள் அது பொறியாகப் பாயும்போது ஒரு மின்காந்தத் துடிப்பு கிளம்பும். அருகில் சரியான உறையில்லாத வீடியோ கேபிள் இருந்தால் ஆன்டெனா போல அதை வாங்கிக்கொள்ளும். திரை ஒத்திசைவை இழந்து மீண்டும் தேடிப் பிடிக்கும். யுஎஸ்பி வழியாகத் திரை காட்டும் சிப்களைச் செய்யும் டிஸ்ப்ளேலிங்க், தன் உதவிக் குறிப்புகளிலேயே கேஸ் லிஃப்ட் நாற்காலிகளைப் பற்றி எழுதியிருக்கிறது, நான் கற்பனை செய்யவில்லை. அந்த அம்மாவின் மேஜையில் மூன்று மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளைச் சுருட்டி நாற்காலி தண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு மீட்டர் நல்ல கேபிளாக மாற்றி, மேஜையின் பின்பக்கமாக ஏற்றி, இரண்டு முனையிலும் மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினோம். நாற்காலியையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். பிறகு அழைப்பு வரவில்லை.

ஒரு திரை மட்டும் போகும் புகார்களில் அடுத்த சந்தேகம், கேபிள் சுமக்க முடியாத அளவுக்குத் திரையைக் கேட்பது. சாதாரண டைப்-சி டாக், கேபிளின் நான்கு வேகப் பாதைகளில் இரண்டை யுஎஸ்பிக்கும் இரண்டைத் திரைக்கும் பிரித்துக் கொடுக்கும். டிஸ்ப்ளேபோர்ட் (திரைக்குப் படம் அனுப்பும் இணைப்பு முறை) 1.2 காலத்து டாக்கில் அந்த இரண்டு பாதையில் உண்மையில் பயன்படுவது 8.64 ஜிகாபிட். 1080 திரை இரண்டுக்கு அது தாராளம். 4கே திரை 60 ஹெர்ட்ஸில் ஒன்றே சுமார் 12.5 ஜிகாபிட் கேட்கும். 30 ஹெர்ட்ஸில்தான் அடங்கும். எல்லைக்கு அருகில் ஓடும் இணைப்புதான் சின்னக் காரணத்துக்கெல்லாம் விழும். சோதிப்பது எளிது: தொந்தரவு தரும் மேஜையில் ஒரு நாள் திரையின் தெளிவைக் குறைத்து வையுங்கள். கோளாறு நின்றால் கேபிளோ டாக்கின் திறனோதான் காரணம்.

மதிய உணவுக்குப் பிறகு மானிட்டர் எழவில்லை என்பது தனி ரகம். மானிட்டர் அமைப்பில் "ஆட்டோ இன்புட்" இருந்தால், தூங்கி எழுந்ததும் அது எச்டிஎம்ஐயில் தேடும், டிஸ்ப்ளேபோர்ட்டில் தேடும். அதற்குள் லேப்டாப், மானிட்டர் இல்லை என்று முடிவு செய்துவிடும். டாக் எதில் இணைந்திருக்கிறதோ அந்த இன்புட்டையே நிலையாகப் பூட்டி வையுங்கள். "டீப் ஸ்லீப்" என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு மேஜைக்கு இரண்டு நிமிடம்.

லேப்டாப்பைத் தொடர்ந்துதான் கோளாறு போகிறது என்று நோட்டு சொன்னால் மென்பொருள் பக்கம் வாருங்கள். பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி கன்ட்ரோலர், கிராபிக்ஸ் டிரைவர், கடைசியில் டாக்கின் ஃபர்ம்வேர். இந்த வரிசையிலேயே, லேப்டாப் நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே புதுப்பியுங்கள். டாக்குக்கும் ஃபர்ம்வேர் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்து தொடாமல் இருக்கும். நாற்பதையும் ஒரே மாலையில் புதுப்பிக்காதீர்கள். இரண்டு மேஜையில் ஒரு வாரம் ஓடவிட்டுப் பிறகு மற்றவை. புதுப்பிக்கும் நடுவில் கேபிளைப் பிடுங்கினால் அந்த டாக் மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் டாக்கின் லேன் அடாப்டரிலும், மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தப் பக்கமே காட்டாது. "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" இயங்கினால் ஷட் டவுன் செய்தும் டிரைவர்களின் பழைய நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பும். "தினமும் அணைத்துப் போடுகிறேன், சரியாகவில்லை" என்பவரிடம் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாகவே சரியாகும். மேக் வைத்திருப்பவர்கள் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் தெரிகிறது என்றால் அது பழுதல்ல: ஒரே இணைப்பிலிருந்து இரண்டு தனித் திரை பிரிக்கும் முறையை மேக் ஏற்பதில்லை. அவர்களுக்குத் தண்டர்போல்ட் டாக்கோ டிஸ்ப்ளேலிங்க் டாக்கோதான் வழி.

நெட் மட்டும் போகும் மேஜைகளில் ஒரு விஷயத்தை நெட்வொர்க் ஆளிடம் நேராகக் கேளுங்கள்: ஸ்விட்ச்சில் (லேன் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) ஒரு போர்ட்டுக்கு இத்தனை மேக் முகவரிதான் (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண், ஆப்பிள் மேக் அல்ல) என்று பூட்டு போட்டிருக்கிறீர்களா? சில டாக்குகள் தம் முகவரிக்குப் பதில் லேப்டாப்பின் முகவரியையே நெட்வொர்க்குக்குக் காட்டும். நிலையான இடமில்லாத அலுவலகத்தில் தினமும் ஒரு புது லேப்டாப் வந்து அமரும், ஸ்விட்ச் அதை அன்னியன் என்று கருதிப் போர்ட்டையே அடைத்துவிடும். நேற்று உட்கார்ந்தவருக்கு வந்த நெட் இன்று உட்கார்ந்தவருக்கு வராததன் ரகசியம் இதுவாக இருக்கலாம்.

வயர்லெஸ் மவுஸ் தாவித் தாவி நகர்ந்தால், அதன் சிறிய ரிசீவரை டாக்கின் பின்பக்கத்திலிருந்து எடுத்து லேப்டாப்பிலோ மானிட்டரின் ஓரத்திலோ மாட்டுங்கள். யுஎஸ்பி 3 இணைப்புகள், இந்த மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் 2012லேயே விளக்கியிருக்கிறது. இதற்கு டாக்கை மாற்றியவர்களும் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு டாக் மிஞ்சினால், அது உண்மையிலேயே கெட்ட டாக்காக இருக்கலாம். உறுதி செய்ய, தொந்தரவே இல்லாத ஒரு மேஜைக்கு அந்த டாக்கை மட்டும், அதன் அடாப்டரோ கேபிளோ இல்லாமல், கொண்டு போங்கள். அங்கிருந்த நல்ல டாக்கைப் பழைய மேஜையில் வையுங்கள். மூன்று நாள். கோளாறு டாக்கோடு நடந்து வந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள், இரண்டை மாற்றிய அன்று சோதனை கெட்டது.

விற்றவருக்கு எழுதும்போது டாக்கின் தொடர் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த இரண்டு மேஜைகளில் எத்தனை நாள் வைத்தீர்கள், எந்தெந்த லேப்டாப்போடு விழுந்தது, அந்த நேரங்கள், ஒவ்வொரு முறையும் சார்ஜ் நின்றதா இல்லையா என்பதை எழுதுங்கள். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்தும் இணையுங்கள். அப்படி அனுப்பிய எந்த டாக்கையும் இதுவரை எனக்கு யாரும் "கழற்றி மாட்டிப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பியதில்லை.